வெள்ளை எங்கே தொடங்கியது?

உப்புத்தண்ணீர்த் தொட்டி: வாசகர் கேள்வி – பதில்

மழைக்காலம் முழுக்க "பாசி பிடிக்குது" என்று எழுதுகிற வாசகர்கள், சித்திரை பிறந்ததும் "பவளம் வெளுத்துப் போச்சு" என்று எழுத ஆரம்பித்துவிடுவார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதுதான். பள்ளி ரசாயனக் கூடத்தில் வேலை பார்த்த நாளிலிருந்து எனக்கொரு பழக்கம்: என்ன ஊற்றலாம் என்று கேட்பவரிடம், போன மாதத்தில் எதை மாற்றினீங்க என்றுதான் முதலில் கேட்பேன். இப்போது சேலத்தில் வீடு வீடாகப் போய் மெரைன் தொட்டி, அதாவது கடல் உயிர்கள் வளர்க்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டி பராமரிக்கிறேன். கேள்வி மட்டும் மாறவில்லை. ஃபேர்லேண்ட்ஸ் வாசகர் நான் கேட்காமலே எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். ஆகவே அவருக்குத்தான் முதல் இடம், நீளமான பதிலும்.

கேள்வி: அக்கா, வணக்கம். எங்களுடையது இரண்டடித் தொட்டி. கல்லும் மணலும் போக அறுபது லிட்டர் தண்ணீர் இருக்கும். ஒன்றரை வருஷமாக நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு பபுள் டிப் அனிமோன், ஒரு லெதர் கோரல், மஷ்ரூம் பத்துப் பன்னிரண்டு, ஜோவா இரண்டு கொத்து. (புதியவர்களுக்கு: லெதர், மஷ்ரூம், ஜோவா மூன்றும் கல் கட்டாத மென்பவளங்கள் என்று விற்கப்படுபவை; அனிமோன் பவளத்தின் உறவு, பூப்போல விரியும் கடலுயிர்.) பழைய லைட் மங்கலாகத் தெரிந்ததால் சித்திரை முதல் வாரத்தில் புது எல்.இ.டி. வாங்கி மாட்டினேன். பாசி குறையட்டும் என்று பாஸ்பேட் ரிமூவரும் போட்டேன். இப்போது டெஸ்ட் கிட்டில் நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. நடுவில் மூன்று நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தால் அனிமோன் முழுக்க வெள்ளை. மேல் கல்லில் இருக்கும் மஷ்ரூம்கள் வெளுத்துவிட்டன. கல்லுக்கு அடியில் இருப்பவை பழைய பழுப்பிலேயே இருக்கின்றன. லெதர் சுருங்கி, உச்சி மட்டும் வெளிறியிருக்கிறது. ஜோவாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் தெர்மாமீட்டர் மாலையில் 28 காட்டுகிறது. கடையில் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, பவள டானிக் ஊற்றச் சொல்கிறார்கள். செய்யலாமா? இவை செத்துவிட்டனவா?

பதில்: தம்பி, டானிக் பாட்டிலின் மூடியைத் திறக்காதீங்க. பாதித் தண்ணீர் மாற்றுவதும் வேண்டாம். இரண்டும் ஏன் வேண்டாம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சாகவில்லை. அனிமோனின் நுனியை ஒரு கண்ணாடிக் குச்சியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்க. ஒட்டிக்கொண்டு சுருங்கினால் உயிரோடு இருக்கிறது. வாய் இறுக மூடியிருந்தால் இன்னும் நல்லது. செத்தது என்றால் கேள்வி கேட்கவே வேண்டியிருக்காது. சளி போலக் கரைந்து, அறை முழுக்க நாறும்.

வெளுப்பது என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பவளம், அனிமோன், மஷ்ரூம் இவற்றின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. நீங்க பார்க்கிற பழுப்பு நிறம் அந்தப் பாசியுடையது. அது வெளிச்சத்தில் சர்க்கரை செய்து, பெரும்பங்கை வீட்டுக்காரருக்கே கொடுத்துவிடுகிறது. வெளிச்சமோ வெப்பமோ அளவு மீறும்போது பாசியின் உள்ளே இருக்கும் ஒளிச்சேர்க்கை ஏற்பாடு தடுமாறி, திசுவைக் கெடுக்கிற ஆக்ஸிஜன் வகைகளைக் கக்க ஆரம்பிக்கும். அப்போது பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. மிச்சம் இருப்பது கண்ணாடி மாதிரித் தெளிந்த சதை. ஆக, உங்கள் அனிமோனுக்கு இப்போது நோய் இல்லை, பட்டினி. பட்டினி கிடக்கும் உயிருக்கு எவ்வளவு நாள் தாங்குமோ அவ்வளவு நாள் அவகாசம் இருக்கிறது.

இனி, எது காரணம்? உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. மேலே இருப்பது வெளுத்திருக்கிறது, கல்லின் நிழலில் இருப்பது வெளுக்கவில்லை. தண்ணீர் இரண்டுக்கும் ஒன்றுதான். உப்பு, வெப்பம், நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் ஒன்றுதான். வேறாக இருப்பது வெளிச்சம் மட்டும். லெதரிலும் உச்சிதான் வெளிறியிருக்கிறது என்று எழுதியிருக்கீங்க. முதல் குற்றவாளி அந்தப் புது லைட்.

"புது லைட்டும் பார்க்க அவ்வளவு பளிச்சென்று இல்லையே" என்று தோன்றலாம். மெரைன் எல்.இ.டி.யில் பெரும்பகுதி நீல ஒளி. மனிதக் கண்ணுக்கு நீலம் மங்கலாகத்தான் தெரியும். பாசிக்கோ அதுதான் முழுச் சாப்பாடு. ஃபோனில் இருக்கும் லக்ஸ் மீட்டர் ஆப்பும் இந்த விஷயத்தில் நம் கண் மாதிரியே ஏமாறும். ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியை அளக்கும் பார் மீட்டர் யாரிடமாவது இரவல் கிடைத்தால் தண்ணீருக்குள் விட்டுப் பாருங்க. மஷ்ரூமுக்கு 50 முதல் 100 வரை இருந்தால் போதும். இரண்டடித் தொட்டியின் மேல் கல்லில், பெட்டியிலிருந்து எடுத்த லைட்டை நூறு சதவீதத்தில் வைத்தால் அதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு எளிதாகப் போய்விடும். மீட்டர் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. மஷ்ரூமே ஒரு மீட்டர்தான்: வெளிச்சம் குறைந்தால் விரிந்து காளான் குடையாகும், கூடினால் ஓரம் சுருட்டிக்கொண்டு பொத்தானாகும்.

இரண்டாவது, பூட்டிய வீடு. மே மாதத்துச் சேலத்தில் ஜன்னலெல்லாம் சாத்திய கான்கிரீட் வீட்டுக்குள், ஏ.சி. இல்லாமல், மூன்று பகல். மோட்டாரும் லைட்டும் தரும் சூடு வேறு. தண்ணீர் 31, 32 வரை போயிருக்கும் என்று துணிந்து சொல்வேன். மாலையில் 28 காட்டுகிறதே என்பீங்க. அந்த ஸ்டிக்கர் ஒரு பக்கம் கண்ணாடியையும் மறுபக்கம் அறையின் காற்றையும் சேர்த்து அளக்கிறது. நீங்க திரும்பி வந்து, ஏ.சி. போட்டு, அறை குளிர்ந்த பிறகு பார்த்த எண் அது. சாதாரணக் கண்ணாடி தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே தொங்கவிடுங்க. முடிந்தால் அதிகபட்சத்தைப் பதிந்து வைக்கிற டிஜிட்டல் வகை இன்னொன்று. ஒன்றை மற்றொன்று சரிபார்க்கும்.

வெப்பம் மட்டும் தனியாக வந்திருந்தால் நிழலில் இருந்த மஷ்ரூமும் ஓரளவு வெளிறியிருக்க வேண்டும். வெளிச்சம் மட்டும் கூடியிருந்தால் அனிமோன் இவ்வளவு முழுசாக வெளுத்திருக்காது. அதற்குக் கால் இருக்கிறது, நிழலுக்கு நகர்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்து அடித்திருக்கின்றன. சூட்டில் பாசியால் வழக்கமான வெளிச்சத்தையே சமாளிக்க முடியாது, நீங்க பல மடங்கு கொடுத்திருக்கீங்க.

மூன்றாவது, பெருமையாக எழுதிய அந்த இரண்டு பூஜ்யங்கள். மெரைன் தொட்டியில் பூஜ்யம் நல்ல மதிப்பெண் இல்லை. பாசிக்கும் உரம் வேண்டும். மென்பவளத் தொட்டியில் நைட்ரேட் 2 முதல் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருப்பது எனக்குப் பிடித்த அளவு. நைட்ரேட் இருந்து பாஸ்பேட் வறண்டுபோனால் பவளம் சூட்டிலும் வெளிச்சத்திலும் எளிதாக வெளுக்கிறது என்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். உங்களிடம் இரண்டுமே வறண்டிருக்கின்றன. ரிமூவர் பையை வெளியே எடுத்துவிடுங்க. கண்ணாடியில் கொஞ்சம் பாசி வரும். வரட்டும், காந்தத்தால் தேய்த்துவிடலாம்.

இப்போது செய்ய வேண்டியவை. இன்று மாலையே லைட்டை நாற்பது சதவீதத்துக்கு இறக்குங்க. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் போதும். வாரத்துக்கு ஐந்து சதவீதம் மட்டும் ஏற்றிக்கொண்டு வாங்க. நடுவில் எந்த மஷ்ரூமாவது சுருண்டால் அந்த வாரம் ஏற்றாதீங்க. தண்ணீரை 26க்குக் கொண்டுவாங்க, ஆனால் ஒரு நாளில் ஒரு டிகிரிக்கு மேல் இறக்க வேண்டாம். ஐஸ் பாட்டில் மிதக்கவிடுவது எனக்கு உடன்பாடில்லை; ஒரு மணி நேரம் இறங்கும், அடுத்த மணி நேரம் ஏறும், அந்த ஊஞ்சலே இன்னொரு அடி.

அனிமோனுக்கு வாரம் இரண்டு மூன்று முறை பட்டாணி அளவு பச்சை இறால் துண்டு. உப்போ மஞ்சளோ தடவாதது, ஆர்.ஓ. தண்ணீரில் அலசியது. பெரிய துண்டு கொடுத்தால் மறுநாள் கக்கிவிடும். பாசி இல்லாத அனிமோனுக்குச் செரிக்கத் தெம்பு குறைவு. மஷ்ரூமுக்குப் பொடித்த உணவு, பவர்ஹெட்டை (தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரை) அணைத்துவிட்டு. க்ளவுன் மீன் குறுக்கே வந்து பிடுங்கும், அதற்கு முதலிலேயே தீனி போட்டு வயிற்றை நிரப்பிவிடுங்க. பவர்ஹெட்டின் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டுவது அவசியம். வெளுத்த அனிமோன் இடம் தேடி அலையும். மோட்டாரில் சிக்கி அரைபட்டால் அறுபது லிட்டரும் ஒரே இரவில் கெட்டுவிடும். வாய் பிளந்து, தொட்டால் அசையாமல், நாற்றம் வந்தால் மட்டும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு வெளியே எடுத்துவிடுங்க.

பாதித் தண்ணீர் ஏன் வேண்டாம் என்றேன்? புதுத் தண்ணீரின் உப்பும் சூடும் காரத்தன்மையும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகாது. ஏற்கெனவே பட்டினியில் இருக்கும் உயிருக்கு அது மூன்றாவது அதிர்ச்சி. வாரம் பத்து சதவீதம் போதும். டானிக்கில் என்ன இருக்கிறது என்று பாட்டிலின் மேல் எழுதியிருந்தால் எனக்குப் படமெடுத்து அனுப்புங்க. எழுதாத திரவத்தை நான் எந்தத் தொட்டியிலும் ஊற்றுவதில்லை.

நிறம் திரும்ப வாரங்கள் ஆகும். அனிமோனுக்கு மாதங்களே ஆகலாம். முதலில் அடிப்பகுதியில் லேசான தேன் நிறம் தெரியும். அதற்கு முன்னால் "ஒன்றும் நடக்கவில்லையே" என்று எதையாவது மாற்றிவிடாதீங்க.

கேள்வி: சூரமங்கலம். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வசதி இல்லை. தண்ணீரின் மேல் சின்ன ஃபேன் வைத்தேன். வெப்பம் 30லிருந்து 27க்கு வந்துவிட்டது. ஆனால் ஒரு வாரத்தில் எல்லாப் பவளமும் சுருங்கி, நிழலில் இருப்பவைகூட வெளிறிவிட்டன. ஃபேன் காற்று ஆகாதா? ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகத் தினமும் ஒன்றரை லிட்டர் உப்புத்தண்ணீர் கலந்து ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். அறுபது லிட்டர் தொட்டி.

பதில்: ஃபேன் நல்ல காரியம்தான் செய்திருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம் உங்கள் அறுபது லிட்டரையும் பத்து டிகிரி குளிர்விக்கப் போதுமானது. வெளியிலிருந்து சூடு உள்ளே வந்துகொண்டே இருப்பதால்தான் மூன்று டிகிரியோடு நிற்கிறது. நம்மூர் சித்திரைக் காற்று காய்ந்த காற்று, அதனால் ஆவியாதல் வேகம். சென்னைக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

கோளாறு கடைசி வரியில் இருக்கிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். அதற்கு மேல் நீங்க லிட்டருக்கு 35 கிராம் வீதம் தினமும் ஒன்றரை லிட்டர். ஏழு நாளில் 367 கிராம் உப்பு கூடுதலாகப் போயிருக்கிறது. 35 பி.பி.டி.யில் (ஆயிரத்தில் 35 பங்கு உப்பில்) தொடங்கியிருந்தால் இப்போது 41 இருக்கும். நிழலில் இருப்பதும் வெளுத்தது அதனால்தான். வெளிச்சம் ஒரு பக்கம்தான் அடிக்கும், தண்ணீரில் இருக்கும் கோளாறு எல்லாப் பக்கமும் அடிக்கும்.

ஈடு செய்வது எப்போதும் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால். இப்போது உப்பை இறக்குவதையும் அவசரப்படாமல் செய்யுங்க: நாளுக்கு ஒரு பி.பி.டி., அதாவது தினமும் ஒன்றரை லிட்டர் உப்புத்தண்ணீரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர், அதோடு ஆவியான பங்குக்கும் ஆர்.ஓ. தண்ணீர். காலையும் மாலையும் அளந்து பார்த்துக்கொண்டே போங்க. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்து நம்புகிறவர்கள் நிறையப் பேர். அது பூஜ்யத்தில் சரியாகவும் 35இல் தப்பாகவும் காட்டலாம். 35 பி.பி.டி. கரைசல் ஒரு சின்ன பாட்டில் வாங்கி அதில் சரி செய்யுங்க. இன்னொன்று, போர்வெல் தண்ணீரில் உப்புக் கலக்கவே கலக்காதீங்க. மேட்டூர் குடிநீராக இருந்தாலும் அதில் குளோரின் உண்டு, ஆர்.ஓ. வழியாக வரட்டும்.

கேள்வி: ஏற்காடு. எங்களுக்கு உங்கள் வெயில் கதையெல்லாம் பொருந்தாது. ஏப்ரலில்கூடத் தொட்டி 25ஐத் தாண்டுவதில்லை. ஆனால் மார்கழி, தை வந்தால் லெதரும் ஜோவாவும் வெளிறி மூடிக்கொள்கின்றன. நூறு லிட்டர் தொட்டி, நூறு வாட் ஹீட்டர் ஒன்று. மலையில் பவளம் வளர்ப்பதே தப்போ?

பதில்: தப்பே இல்லை. கோடையில் சில்லர் செலவு இல்லாத ஊர், எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் குளிரிலும் பவளம் வெளுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. 2010 ஜனவரியில் வந்த கடுங்குளிரில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா கடற்பகுதியில் பவளங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன.

அறை 13, 14 டிகிரிக்கு இறங்கும் இரவில் நூறு லிட்டரை 26இல் நிறுத்த நூறு வாட் போதாது. நூற்றைம்பது வாட் ஹீட்டர் இரண்டு போடுங்க. முந்நூறு வாட்டில் ஒன்றாகப் போடாதீங்க: அது ஆனிலேயே ஒட்டிக்கொண்டால் எல்லாமும் வெந்துவிடும், ஆஃபிலேயே நின்றால் எல்லாமும் விறைத்துவிடும். இரண்டாக இருந்தால் ஒன்று கெட்டாலும் மற்றது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பின்பக்கமும் இரு பக்கவாட்டிலும் தெர்மோகோல் ஒட்டுங்க. மேலே மூடி வையுங்க, ஆனால் காற்றுப் போக இடம் விட்டு.

மழையில் கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஹீட்டரைச் சேர்க்க வேண்டாம், பேட்டரியை விழுங்கிவிடும். மோட்டார் மட்டும் ஓடட்டும், தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்துங்க.

மலைவாசிகள் கவனிக்க வேண்டிய இன்னொரு சங்கதி உண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு. தண்ணீரில் கரையும் ஆக்ஸிஜனும் அதே விகிதத்தில் குறையும். அதனால் உங்கள் தொட்டியில் மேற்பரப்பு எப்போதும் கலங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பவர்ஹெட்டின் வாயை மேல்நோக்கித் திருப்பிவிடுங்க. மூடுபனிக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி, உள்ளே விறகு மூட்டும் வீடாக இருந்தால், கரியமில வாயு ஏறித் தண்ணீரின் பி.எச். இறங்கும். பகலில் ஒரு மணி நேரமாவது ஜன்னலைத் திறந்து வையுங்க.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டை. வீட்டின் முன்பகுதியில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, பின் அறையில் தொட்டி. முதலில் நத்தைகள் செத்தன, பிறகு இறால், இப்போது மஷ்ரூம் வெளுத்துக் கரைகிறது. மீன்கள் ஜாலியாக நீந்துகின்றன.

பதில்: மீனுக்கு ஒன்றும் ஆகாமல் நத்தையும் இறாலும் முதலில் போனால், வெயிலையும் லைட்டையும் விட்டுவிட்டு விஷத்தைத் தேடுங்க. உங்கள் வீட்டில் எனக்குச் சந்தேகம் இரண்டு பேர் மேல். ஒன்று செம்பு: வெள்ளியோடு சேர்க்கிற செம்பும், பொடி வைத்து ஊதுகிற தூளும் கையில், சட்டையில், ஃபேன் காற்றில் பின் அறைக்கு வரும். மீன் தாங்கும் செம்பில் முதுகெலும்பில்லாதவை தாங்காது. வெள்ளியும் அவற்றுக்கு ஆகாது. செம்புக்கான டெஸ்ட் கிட் தனியாக விற்கிறார்கள், அளந்து பாருங்க. இருந்தால் கார்பனும், செம்பை உறிஞ்சுகிற மீடியாவும் போட்டு, பத்துப் பத்து சதவீதமாகத் தண்ணீர் மாற்றுங்க. தொட்டிக்குள் கை விடுகிறவர் பட்டறையில் உட்காராதவராக இருக்கட்டும். எப்போதாவது மீனின் வெண்புள்ளி நோய்க்கு இதே தொட்டியில் மருந்து ஊற்றியதுண்டா என்றும் நினைவுபடுத்திப் பாருங்க. அந்த மருந்துகள் பலவற்றில் செம்புதான் சரக்கு; கல்லிலும் மணலிலும் ஏறிக்கொண்டு பிறகு மெல்ல மெல்லக் கசியும்.

இரண்டாவது ஆள், இரவில் பிளக்கில் செருகுகிற கொசு மருந்து. அது இறால் இனத்துக்கு நேர் விரோதி. ஏர் பம்ப் அந்த அறைக் காற்றை இழுத்துத்தானே தண்ணீருக்குள் விடுகிறது? கொசுவலை கட்டுங்க.

கேள்வி: ஆத்தூர், பதினோராம் வகுப்பு. கடலில் பவளம் வெளுப்பதாகச் செய்திகளில் பார்க்கிறேன். உங்கள் தொட்டியில் நடப்பதும் அதுவும் ஒன்றா?

பதில்: உள்ளே நடப்பது ஒன்றேதான், கண்ணு. அதிக வெப்பத்தில் பவளம் பாசியைத் துரத்துகிறது என்பதை 1928–29இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபுக்குப் போன பிரிட்டிஷ் ஆய்வுக் குழுவே கவனித்து எழுதிவைத்தது. வேறுபாடு காலத்தில் இருக்கிறது. கடலில், வழக்கமான வெப்பமான மாதத்தின் சராசரியை விட ஒரு டிகிரி கூடி, அது வாரக்கணக்கில் நீடித்தால் வெளுக்க ஆரம்பிக்கும். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா இதை 'டிகிரி – வாரம்' என்று கூட்டிக் கணக்கிடுகிறது: 4ஐத் தொட்டால் கணிசமாக வெளுக்கும், 8ஐத் தாண்டினால் சாவு தொடங்கும். உலக அளவில் 1998, 2010, 2014–17 என்று மூன்று பெரும் வெளுப்புகள். நான்காவது நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். அந்த ஆண்டு லட்சத்தீவுப் பவளங்களும் கடுமையாக வெளுத்தன. நம் மன்னார் வளைகுடா 2010இலும் 2016இலும் பலமாக அடிவாங்கியது.

தொட்டியில் இதெல்லாம் சில நாளிலேயே நடந்துவிடும். அறுபது லிட்டருக்குச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும் ஆழம் கிடையாது. ஆனால் இங்கே லைட்டைக் குறைக்க நமக்குக் கை இருக்கிறது, அங்கே சூரியனுக்குக் குமிழ் இல்லை. விலங்கியல் படிக்கப் போகிறாயா? அப்படியானால் ஒரு நோட்டுப் போட்டு, வீட்டில் யார் தொட்டி வைத்திருந்தாலும் தினம் இரண்டு வேளை வெப்பத்தை எழுதிப் பழகு.

கேள்வி: ஓமலூர். நண்பர் தூத்துக்குடி போகிறார். கரையில் கிடக்கும் பவளக் கல், கிடைத்தால் உயிருள்ளது ஒன்றிரண்டு கொண்டுவரச் சொல்லலாமா? கடையில் லைவ் ராக் (பாக்டீரியா ஏறிய கடல் கல்) விலை கட்டுப்படியாகவில்லை.

பதில்: கூடாது. கல்லாக இருந்தாலும் கூடாது. கல் கட்டும் பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை வரை போகலாம். உங்கள் நண்பர்தான் போவார். அங்கே மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. முன்னொரு காலத்தில் சுண்ணாம்புக்கும் சிமென்ட்டுக்கும் பவளத்தை வெட்டி வெட்டியே அந்தக் கடலுக்குப் பெரிய சேதம் செய்தாயிற்று.

இந்தப் பகுதியில் நான் மஷ்ரூம், லெதர், ஜோவா, அனிமோன் என்று மட்டும் பேசுவதற்கும் இதுதான் காரணம். கல் பவளம் வைத்திருப்பவர்கள் எனக்கு எழுத வேண்டாம். விலை கட்டுப்படியாகாவிட்டால் சுட்ட பீங்கான் கல் போடுங்க. பாக்டீரியா ஏற இரண்டு மூன்று மாதம் கூடுதலாகப் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: குகை. கடையில் பளீர் மஞ்சளில் ஓர் அனிமோன் பார்த்தேன், வெள்ளையில் ஊதா நுனியோடு இன்னொன்று. இரண்டில் எது நம் ஊர்ச் சூட்டைத் தாங்கும்?

பதில்: இரண்டும் வேண்டாம். பளீர் மஞ்சள் பெரும்பாலும் சாயம் ஏற்றியது. ஏற்கெனவே வெளுத்துப்போனதைச் சாயத்தில் முக்கி விற்பார்கள். சில வாரத்தில் சாயம் போய் உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும். இரண்டாவது வெளுத்ததேதான், சாயச் செலவுகூடச் செய்யவில்லை. அழுக்குப் பழுப்பில், பார்க்கச் சுமாராக ஒன்று அதே தொட்டியின் மூலையில் இருந்திருக்கும். கால் கல்லில் கெட்டியாகப் பிடித்திருக்கிறதா, வாய் மூடியிருக்கிறதா, கடைக்காரர் தீனி போட்டால் வாங்குகிறதா என்று பார்த்துவிட்டு அதைக் கேளுங்க. விலையும் குறைவாக இருக்கும். ஆனால் உங்கள் தொட்டி ஓட ஆரம்பித்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்றால் மஷ்ரூமோடு திரும்பி வாங்க.